மறு: ஒரே 'பாதுகாப்பு' எத்தனை வரிக்கு?

வணக்கம் ஐயா,

'Safeguard duty' என்ற இறக்குமதி வரிக்குத் தமிழ்ச் சொல் எது என்ற கேள்விக்கு நீங்கள் எழுதியதற்கு என் பதில்.

> 'பாதுகாப்பு வரி' என்றே இருக்கட்டும். நாளிதழ்களில் பழகிவிட்டது.

பழகியது சரி. ஆனால் எஃகு வழக்கு ஒன்றைத் தமிழில் எழுதிப் பாருங்கள், இரண்டாம் பத்தியிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

2002 மார்ச்சில் அமெரிக்கா எஃகு இறக்குமதிக்கு 30 விழுக்காடு வரை வரி போட்டது. இறக்குமதி திடீரெனப் பெருகி உள்நாட்டு ஆலைகள் அடிபடும்போது தற்காலிகமாகப் போடும் வகை அது, அதாவது safeguard. 2018இல் 25 விழுக்காடு போட்டபோது சொன்ன காரணமே வேறு: தேசப் பாதுகாப்பு. ஐரோப்பிய ஒன்றியம் அதை ஏற்காமல், இது பழைய வகை வரிதான் என்று வாதிட்டு, உலக வணிக அமைப்பில் அந்த வகைக்கு உள்ள விதியைக் காட்டியே போர்பன் விஸ்கி, மோட்டார் சைக்கிள், ஜீன்ஸ் மீது பதிலடி வரி போட்டது. இதை நான் மொழிபெயர்த்தபோது வந்த வாக்கியம்: 'இது பாதுகாப்பு வரி அல்ல, பாதுகாப்பு வரியே என்கிறது ஒன்றியம்.' சிரித்துவிட்டு அழித்தேன்.

> குவிப்புத் தடுப்பு வரியில் இதையும் சேர்த்துவிடலாமே?

கூடாது. குவிப்புத் தடுப்பில் (anti-dumping) சொந்தச் சந்தை விலையைவிடக் குறைத்து விற்றதாக ஏற்றுமதியாளர் மேல் குற்றச்சாட்டு உண்டு. இங்கே யாரும் தப்பு செய்ததாகச் சொல்லவில்லை. வரவு பெருகிவிட்டது, அவ்வளவுதான். ('குவிப்பு' என்ற சொல்லிலும் எனக்கு வழக்கு உண்டு. குறையே விலையில் இருக்க, அது சரக்கின் அளவைச் சொல்கிறது. அதைத் தனி இழையில் பார்ப்போம்.)

'காப்பு வரி' என்றால், உள்நாட்டுத் தொழிலைக் காக்கக் காலவரையின்றிப் போடும் வரியோடு குழம்பும். இதற்கோ கெடு உண்டு: 4 ஆண்டு, நீட்டித்தாலும் மொத்தம் 8, வளரும் நாடுகளுக்கு 10. ஆகவே என் பரிந்துரை 'இடைக்காப்பு வரி'. இடைக்காலத் தடை, இடைக்கால ஆணை என்று சொல்லிப் பழகிய காதுக்கு இது அந்நியமாகப் படாது.

ஒரு சிக்கல் மட்டும் தீரவில்லை. ஒன்றியம் 2018இல் தன் எஃகுச் சந்தைக்குப் போட்ட வேலி முழு வரி அல்ல. குறித்த அளவு வரை கூடுதல் வரி கிடையாது, தாண்டினால்தான் 25 விழுக்காடு. அப்படியானால் 'வரி'யை விட்டு, வெறும் 'இடைக்காப்பு' என்று வைக்கலாமா? பெயராக நிற்கிறது. ஆனால் வினையாக்கினால் 'இடைக்காத்தது' என்று வருகிறதே, அது எனக்கே இடிக்கிறது. இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.