‘கடத்துபூச்சு’ வேண்டாம், ‘ஊட்டப்பூச்சு’ என்று வைப்போம்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

ஒலிக்கருவிகளுக்கான தமிழ்ச் சொற்பட்டியல் ஒன்றை நாம் தயாரித்துக்கொண்டிருக்க, ஸ்பீக்கருக்கு ‘ஒலிபெருக்கி’யா ‘ஒலிப்பான்’ஆ என்பதிலேயே இந்த இழை நீண்டுகொண்டு போகிறது. என் பங்குக்கு அதில் ஒரே வரி: கோயில் திருவிழாவில் கட்டும் குழாய் முதல் வீட்டுப் பெட்டி வரை எல்லாவற்றுக்கும் ஒலிபெருக்கி என்று மக்கள் வாயில் ஊறிவிட்டது, அதை இனிப் பிடுங்க முடியாது. ஆம்ப்ளிஃபயருக்குப் பெருக்கி இருக்கிறது, போதும்.

நான் எழுத வந்தது வேறு சொல்லைப் பற்றி. வரைவுப் பட்டியலில், நிலைமின் (எலக்ட்ரோஸ்டாட்டிக்) ஒலிபெருக்கியின் படலத்தில் பூசும் பூச்சுக்குக் ‘கடத்துபூச்சு’ என்று ஒரு பதிவு இருக்கிறது. அதைச் சேர்த்ததே நான்தான். இப்போது அந்தப் பெயரை அந்த இடத்திலிருந்து எடுத்துவிடச் சொல்லி நானே கேட்கிறேன்.

பழக்கமில்லாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. இங்கிலாந்தின் ஹண்டிங்டனில் பீட்டர் வாக்கர் வடிவமைத்த, குவாட் நிறுவனத்தின் நிலைமின் ஒலிபெருக்கி 1957-இல் விற்பனைக்கு வந்தது, 1985 வரை செய்தார்கள். பார்த்தால் குளிர்நாட்டு வீடுகளில் அறையைச் சூடாக்க வைக்கும் பழைய மின்கணப்பு போல இருக்கும். ஒலியை எழுப்பக் காந்தம் இல்லை, கம்பிச் சுருள் இல்லை, காகிதக் கூம்பு இல்லை. துளை போட்ட இரண்டு தட்டிகளுக்கு நடுவே சில மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பருமனில் ஒரு பிளாஸ்டிக் படலம், அவ்வளவுதான். அந்தப் படலத்துக்கு மின்னூட்டம் கொடுத்தே வைத்திருப்பார்கள். அடிக்குரலுக்கான பேஸ் பலகங்கள் இரண்டுக்கும் சுமார் 6,000 வோல்ட், நடுவில் நிற்கும், உச்சக்குரலுக்கான ட்ரெபிள் பலகத்துக்கு 1,500. பாட்டு மின்னழுத்தமாகத் தட்டிகளுக்குப் போகும். ஒரு தட்டி இழுக்க, மற்றது தள்ள, படலம் கிட்டத்தட்ட முழுப்பரப்பும் ஒன்றாக அசையும். அந்தக் குரல்தெளிவை ஒருமுறை கேட்டவர்கள் இந்தப் பழைய பெட்டிகளை ஏன் இன்னும் பிரித்துப் பிரித்துச் சரிசெய்கிறார்கள் என்று கேட்கமாட்டார்கள்.

சரி, பூச்சுக்கு வருகிறேன். பிளாஸ்டிக் படலம் தானாக மின்னூட்டத்தைப் பரப்பு முழுக்க வாங்கிக்கொள்ளாது, அதனால் மேலே மெல்லிய ஒரு பூச்சு பூசுவார்கள். ஆங்கிலத்தில் அதைக் கடத்தும் பூச்சு என்ற பொருளில்தான் பலர் சொல்கிறார்கள். நான் முதல்முதலில் ஒரு ட்ரெபிள் பலகத்தைத் திறந்தபோது என் தலையிலும் அந்தச் சொல்தான் இருந்தது. படலத்தின் மேல், மின்தடையை அளக்கும் மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் வைத்தேன், மீட்டர் எதுவுமே காட்டவில்லை. முனைகளை ஒட்டினாற்போல் வைத்துப் பார்த்தேன், அப்போதும் இல்லை. கடத்த வேண்டிய பூச்சு கடத்தவில்லை, ஆகவே பூச்சு செத்துவிட்டது என்று முடிவுகட்டி, பஞ்சில் கிராஃபைட் பொடியைத் தொட்டுப் படலம் கருப்பாக மினுங்கும்வரை தேய்த்தேன். மீட்டர் இப்போது அழகாக எண் காட்டியது. பலகத்தை மூடி மாட்டி, அன்றிரவு விளக்கை அணைத்துவிட்டுக் கேட்க உட்கார்ந்தேன். பத்து நிமிடம் இருக்கும், ‘டிக், டிக்’ என்று ஒரு சத்தம், துளைகளுக்குப் பின்னால் ஊதா நிறத்தில் ஒரு பொறி, ஓசோன் நெடி. மறுநாள் திறந்து பார்த்தால் படலத்தில் மிளகளவு ஓட்டை, ஓரமெல்லாம் கருகிச் சுருண்டு கிடந்தது. பழைய பூச்சில் ஒரு குறையும் இருந்திருக்காது என்று பிறகுதான் புரிந்தது. அது மீட்டருக்கு எட்டாத அளவு தடையோடு இருக்க வேண்டிய பூச்சு.

இதுதான் விஷயத்தின் உயிர்நாடி. 1955-இல் வயர்லெஸ் வேர்ல்டு இதழில் வாக்கர் விளக்கியதும் இதைத்தான்: மின்னூட்டம் மாறாமல் இருந்தால்தான் தட்டிகளில் வரும் மின்னழுத்தத்துக்கு நேர்விகிதத்தில் விசை கிடைக்கும், படலம் எந்தப் பக்கம் நகர்ந்திருந்தாலும் சரி. மொத்த மின்னூட்டம் மாறாமலிருப்பது மட்டும் போதாது, அது இருந்த இடத்திலேயே இருக்கவும் வேண்டும். பூச்சு நன்றாகக் கடத்தினால் என்ன ஆகும்? படலத்தின் நடுப்பகுதிதான் அதிகம் வளையும், தட்டிக்கு அதிகம் நெருங்கும், அங்கே மின்னூட்டம் ஓடிவந்து குவியும், குவியக் குவிய விசை கூடும், ஒலி சிதையும். பொறி பறந்தால் இன்னும் மோசம்: பரப்பு முழுவதிலும் உள்ள மின்னூட்டம் அந்த ஒரு புள்ளி வழியாகக் கொட்டிப் படலத்தை எரித்துவிடும். தடை அதிகமுள்ள பூச்சில் பொறிக்குப் பக்கத்தில் இருக்கும் கொஞ்ச மின்னூட்டம்தான் போகும். அதனால்தான் பல கோடி ஓமுக்கு மேல் தடை வேண்டும் என்கிறார்கள், குவாட் பூசியதும் நைலான் வகைக் கரைசல்தான்.

அப்புறம் இன்னொன்று. அதே பெட்டியில் உண்மையான கடத்துபூச்சும் இருக்கிறது! இந்தப் பழைய குவாட்டின் தட்டிகள் உலோகம் அல்ல, பிளாஸ்டிக். அவற்றின் வெளிப்பக்கத்தில் அடித்திருக்கும் பூச்சு மின்சாரத்தைத் தாராளமாகக் கடத்தியாக வேண்டும், பாட்டு அதன் வழியாகத்தான் பரவுகிறது. வேலை நேரெதிரான இரண்டு பூச்சுகளுக்கும் ஒரே பெயரை வைத்தால், பிரித்து வேலை செய்கிறவர் எதை எங்கே பூசுவார்? ஆகவே ‘கடத்துபூச்சு’ தட்டிக்கு, ‘ஊட்டப்பூச்சு’ படலத்துக்கு. தமிழில் ‘மின்னூட்டம்’ என்ற சொல் பள்ளிப் பாடநூலிலேயே இருக்கிறது, அதிலிருந்து எடுத்ததுதான்.

இந்தப் பெயரை முன்பே சொல்லிப் பார்த்தபோது வந்த மறுப்புகளுக்கு என் பதில்:

> ஊட்டம் என்றால் சத்து. சத்துமாவு ஞாபகம் வருகிறதே.

வரட்டுமே ஐயா. பட்டியலில் முழுச்சொல்லாக ‘மின்னூட்டப்பூச்சு’ என்று கொடுத்து, வழக்கில் சுருக்கிக்கொள்ளலாம். நிலைமின் என்ற தலைப்பின் கீழ் வரும்போது யாருக்கும் மயக்கம் வராது.

> ‘ஊட்டுபூச்சு’ என்று வினைத்தொகையாக வைத்தால் இன்னும் சிறியதாக இருக்கும்.

சிறியதாக இருக்கும், ஆனால் பொருள் தவறிவிடும். பூச்சு எதையும் ஊட்டுவதில்லை. ஊட்டுவது அடியில் இருக்கும் உயர் மின்னழுத்தச் சுற்று, பூச்சு வாங்கி வைத்துக்கொள்கிறது. ஊட்டத்தை உடைய பூச்சு என்று விரியும் ‘ஊட்டப்பூச்சு’தான் பொருந்தும்.

> நாங்கள் இலங்கையில் ‘ஏற்றம்’ என்றுதான் படித்தோம்.

தெரியும் அண்ணா, ‘ஏற்றப்பூச்சு’ என்பதையும் இணைச்சொல்லாகக் கட்டாயம் சேர்க்க வேண்டும். ஆனால் ‘மென்றகடு’ என்ற உங்கள் பரிந்துரையில் எனக்குத் தயக்கம். தகடு என்றதும் விறைப்பான ஒன்று கண்முன் வருகிறது. இது தொட்டால் நடுங்கும், மிருதங்கத் தோல் போல இழுத்துக் கட்ட வேண்டிய ஒன்று: தளர்ந்தால் தட்டியில் போய் ஒட்டிக்கொள்ளும், அதிகம் இறுகினால் அடிக்குரல் எழாது. ‘படலம்’ போதும்.

துளைத்தகட்டுக்குப் பதிலாகத் ‘தட்டி’ என்று சொன்ன நண்பருக்குத் தனி நன்றி. காற்றை விடும், கையை விடாது, வேறு என்ன வேண்டும்? ஆங்கிலத்தில் இதை ஸ்டேட்டர் என்பார்கள்; மோட்டார் பட்டறையில் ஸ்டேட்டர் என்பது வேறு பொருள், அதோடும் ‘தட்டி’ குழம்பாது.

கடைசியாக, ‘செப்பனிடல்’, ‘மாற்றியமைத்தல்’ இரண்டையும் ஒரே பதிவில் போடாதீர்கள். கிழிந்த தூசித்திரையை மாற்றுவதும், வயதான மின்னழுத்தச் சுற்றைப் புதிதாக்குவதும் செப்பனிடல். உயரமான தாங்கியில் தூக்கி வைப்பது, ட்ரெபிள் பலகத்துக்குப் பின்னால் இருக்கும் கம்பளித் துணியை எடுத்துப் பார்ப்பது எல்லாம் மாற்றியமைத்தல். முதலாவதை முடிக்காமல் இரண்டாவதில் இறங்கினால் காது எதைக் கேட்டு மெச்சுகிறது என்றே தெரியாது.

பதிவு இப்படி இருக்கட்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்:

ஊட்டப்பூச்சு (மின்னூட்டப்பூச்சு, ஏற்றப்பூச்சு): நிலைமின் ஒலிபெருக்கியின் படலத்தில் மின்னூட்டத்தைப் பரப்பி, பரப்பிய இடத்திலேயே நிறுத்தி வைக்கும் உயர்தடைப் பூச்சு. சாதாரண மல்டிமீட்டரில் அளவு காட்டாது. காண்க: கடத்துபூச்சு.

ஞாயிறு வரை மறுப்பு வராவிட்டால் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.

அன்புடன்