ஏசி கம்ப்ரசர் சூடேறி நிக்குதா? எல்லாத்துக்கும் கேஸ் காரணமில்ல

மொட்டைமாடி45:
1.5 டன் ஏசி, ஆர்32 கேஸ், இன்வெர்ட்டர் இல்லாத சாதா மாடல். மதியம் இருபது நிமிஷம் ஓடிட்டு கம்ப்ரசர் மட்டும் நின்னுடும். வெளி ஃபேன் சுத்திக்கிட்டே இருக்கும். மறுபடி எடுக்கும்போது 'ம்ம்ம்'னு ரெண்டு செகண்ட் முனகல், அப்புறம் 'டொக்'. அந்த முனகல்லயே விஷயம் இருக்கு. ஓடும்போது 7 ஆம்பியர் காட்டின கிளாம்ப் மீட்டர் அப்போ 30-ஐத் தாண்டிச்சு. வந்த ரெண்டு மெக்கானிக்கும் மூடியைக்கூடத் திறக்காம "கேஸ் கம்மி". கம்ப்ரசரைக் கிளப்பிவிடுற கபாசிட்டரைக் கழட்டி அளந்தா, மேல எழுதியிருக்கிறது 45 மைக்ரோஃபாரட், மீட்டர்ல 31. மாத்தினதும் எடுத்துக்கிச்சு.

டக்ட்வாசி:
மாத்தினது சரி, அது ஏன் செத்துச்சு? சென்னை அபார்ட்மெண்ட் டக்ட் (பைப் போற குறுகலான சந்து) ஒண்ணுல ஒண்ணுக்கு மேல ஒண்ணா நாலு அவுட்டோர் யூனிட். தெருவுல 39 டிகிரி. மேல் யூனிட் பின்னாடி இழுக்கிற காத்து 53. கீழ மூணும் துப்புற சூட்டை அது குடிக்குது. அங்க எந்த கபாசிட்டரும் சீக்கிரம் போயிடும். பின்பக்கம் 15 சென்டிமீட்டர், முன்னாடி 60-ஆவது திறந்திருக்கணும்.

பழைய_மேனிஃபோல்டு:
ரெண்டு பேரும் கேஸை அடியோட விட்டுட்டீங்க. திரும்பி வர்ற குளிர்ந்த கேஸ்தான் கம்ப்ரசரை ஆத்துது. கசிஞ்சு குறைஞ்சா பிரஷர் இறங்கியும் கம்ப்ரசர் கொதிக்கும். ஒரு யூனிட்ல சின்ன பைப் நட்டுல வெள்ளையா பனி, ஒரு சாண் தள்ளி கம்ப்ரசர் தலையில விரல் வைக்க முடியல!

கேட்கலைன்னாலும் சொல்றேன். சும்மா டாப்-அப் பண்ணாதீங்க. சோப்பு நுரை வச்சு ஃபிளேர் நட்டை (பைப்பை இணைக்கிற நட்டு) பாருங்க, கசிவை அடைங்க, மிச்ச கேஸை சிலிண்டருக்கு ரெகவரி பண்ணிட்டு வேக்குவம் பம்ப்ல 500 மைக்ரானுக்கு (வெற்றிடத்தை அளக்கிற அளவு) இறக்குங்க, நேம்பிளேட்ல இருக்கிற கிராமைத் தராசுல நிறுத்து ஏத்துங்க. கேஸைத் திறந்துவிட்டு பைப் காத்தைத் தள்ளுற வித்தை ஆர்32-க்கு ஆகாது, அது தீப்பிடிக்கிற ரகம். உள்ளே தங்குற காத்து ஹெட் பிரஷரை (கம்ப்ரசர் வெளித்தள்ளுற பக்கத்து அழுத்தம்) ஏத்தி மறுபடியும் சூடாக்கும். கண்டன்சரை (வெளி யூனிட்ல சூட்டை வெளியேத்துற காயில்) கழுவுறப்போ உள்ளேயிருந்து வெளியே தண்ணி அடிங்க. பிரஷர் வாஷர் வேணாம், அதுல இருக்கிற மெல்லிசு தகடு, ஃபின், மடங்கிடும்.

சி_ஆர்_எஸ்:
கேஸ், டக்ட் சண்டை இருக்கட்டும். "காயில் எரிஞ்சுடுச்சு"ன்னு ஒதுக்கின ஒரு கம்ப்ரசர்: மூணு முனை, சி (காமன்), ஆர் (ரன்), எஸ் (ஸ்டார்ட்). சி-ஆர், சி-எஸ் ரெண்டும் ஓப்பன் (இணைப்பே காட்டல), ஆர்-எஸ் மட்டும் 5 ஓம். சூடானா கரண்டைத் துண்டிக்கிற ஓவர்லோடு உள்ளேயே இருக்கிற ரகம், இன்னும் ஆறல, அவ்வளவுதான். மெயினை ஆஃப் பண்ணி, கபாசிட்டரை டிஸ்சார்ஜ் பண்ணி, ரெண்டு மணி நேரம் கழிச்சு அளந்தா சி-ஆர் 2, சி-எஸ் 3. கூட்டினா அதே 5. புது கம்ப்ரசர் அதுக்குள்ள ஆட்டோவுல வந்து இறங்கிடுச்சு.