புதுப்பிப்பு: வெளிநாட்டு வகுப்பில் ஓடாத தொடர் டிவிடி இப்போது ஓடுகிறது

பாடத்துக்காகக் கொண்டுவந்த பிடித்த தொடரின் டிவிடி (மண்டலம் 5), இங்குள்ள பள்ளி மடிக்கணினியில் (மண்டலம் 2) திறக்கவில்லை என்று கேட்டிருந்தேன். (மண்டலம் என்பது அந்த டிவிடி உலகின் எந்தப் பகுதிக்கானது என்று காட்டும் எண்; டிரைவின் எண்ணோடு பொருந்தாவிட்டால் ஓடாமல் போகலாம்.) பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது விஎல்சி (VLC) என்ற இலவச வீடியோ பிளேயரில் போட்டுப் பாருங்கள் என்ற யோசனைதான். பெரும்பாலான டிவிடி டிரைவ்களில் அது மண்டலத் தடையைத் தாண்டிவிடும். சில டிரைவ்கள் மறுக்கும். டிரைவ் அமைப்பிலேயே மண்டலத்தை மாற்றச் சொன்னதை நான் தொடவில்லை. 5 முறைதான் மாற்றலாம், பிறகு கடைசி எண்ணிலேயே பூட்டிக்கொள்ளும். அந்தக் கணக்கு டிரைவுக்குள்ளேயே இருப்பதால் விண்டோஸை மறுபடி நிறுவினாலும் போகாது. அடுத்தவர் கணினியில் தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்.

எதிர்பாராதது: படத்தில் கையசைக்கும் இடமெல்லாம் சீப்புப் பல் மாதிரி கோடுகள். விஎல்சியில் டி (D) விசையை அழுத்தியதும் மறைந்தன. வசனம் மாணவர்களுக்கு வேகமாகப்பட்டால் [ விசையை ஒருமுறை அழுத்தினால் 0.9 வேகம், குரல் கெடவில்லை. திரையின் கீழே வரும் வசன வரிக்கு (சப்டைட்டில்) வி (V) விசை.