தெரிந்ததை வெளியே சொன்னால் வேலை வருமா, போகுமா? சேவைத் தொழில் செய்பவர்களின் அனுபவங்கள்

சிவில் இன்ஜினியர், நாமக்கல்:

விளம்பரத்துக்கு எவ்வளவு செலவு செய்யலாம் என்று இங்கே பலர் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். நான் வீடு கட்டிக் கொடுக்கும் தொழிலில் இருக்கிறேன். பேனர், நோட்டீஸ், லோக்கல் சேனல் எதற்கும் இப்போது பணம் கொடுப்பதில்லை. வீடு கட்டுகிறவர் தெரிந்து வைத்திருக்க வேண்டிய விஷயங்களைச் சின்னச் சின்ன வீடியோவாகப் போடுகிறேன். வாட்ஸ்அப்பில் யார் கேட்டாலும் பதில் சொல்கிறேன். வேலை அதன் வழியாகத்தான் வருகிறது. நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

நிறையப் பேர் பார்த்த வீடியோ கம்பி எடை பற்றியது. கம்பியின் கனம் எத்தனை எம்எம் என்று பார்த்து, அந்த எண்ணை அதாலேயே பெருக்கி, 162 ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வந்துவிடும். 12 எம்எம் கம்பிக்கு 0.89 கிலோ. முழுக் கம்பி 12 மீட்டர் நீளம் என்றால் சுமார் 10.7 கிலோ இருக்க வேண்டும். 8 எம்எம் என்றால் 4.7 கிலோ. லாரியில் இறங்கிய கம்பியை எண்ணி, பில்லில் போட்டிருக்கும் எடையோடு வீட்டுக்காரரே ஒத்துப் பார்த்துக்கொள்ளலாம். எந்த இன்ஜினியருக்கும் தெரிந்த கணக்குதான். ஆனால் வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வீடு கட்டுகிறவருக்கு இதை யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை.

அதைப் பார்த்துவிட்டு ராசிபுரம் பக்கம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கூப்பிட்டார். அவர் வீட்டை வேறொருவர் கட்டிக்கொண்டிருந்தார். "தம்பி, வேலை உங்களுக்குக் கொடுக்க முடியாது. ஆனா ஒரு சந்தேகம் கேட்கலாமா?" என்றார். கேளுங்கய்யா என்றேன். மறுநாள் தளம் கான்கிரீட். அவர் அனுப்பிய படத்தில் கம்பி சென்ட்ரிங் தகட்டின் மேல் அப்படியே படுத்துக் கிடந்தது. கம்பியைத் தூக்கி நிறுத்த அடியில் வைக்கும் சின்னக் கட்டை, கவர் பிளாக், ஒன்றுகூட இல்லை. அப்படியே கான்கிரீட் கொட்டினால் கம்பி அடிப்பக்கம் வெளியே தெரியும். சில வருஷத்தில் துரு ஏறி, சீலிங் பூச்சு பெயர்ந்து விழும். தளத்துக்குக் குறைந்தது 20 எம்எம் கவர், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட் கனம், வேண்டும், கான்கிரீட் போடுவதற்கு முன்னால் பிளாக் வைக்கச் சொல்லுங்கள், மேஸ்திரியோடு சண்டை மட்டும் போடாதீர்கள் என்றேன். அப்புறம் தண்ணீர். சிமெண்ட், மணல், ஜல்லி 1:1½:3 என்று போடும் கலவைக்கு ஒரு மூட்டை சிமெண்டுக்கு 30 லிட்டருக்கு மேல் போகக் கூடாது என்பது ஐஎஸ் 456 என்ற இந்திய கான்கிரீட் தர விதி சொல்லும் அளவு. பரப்புவதற்குச் சுலபமாக இருக்கும் என்று மிக்ஸரில் பக்கெட் பக்கெட்டாக ஊற்றுவார்கள், அங்கேதான் பலம் போகிறது. சாம்பல் கலந்த பிபிசி (PPC) சிமெண்ட் என்றால் நம் ஊர் வெயிலுக்குப் பாத்தி கட்டி 14 நாள் தண்ணீர் நிற்கட்டும், தளத்தைத் தாங்கும் முட்டுக் கம்பங்களை அவசரப்பட்டுப் பிரிக்க விடாதீர்கள் என்றும் சொல்லி வைத்தேன்.

ஒரு ரூபாய் வாங்கவில்லை. அடுத்த வருஷம் அவருடைய மருமகன் வீடு கட்ட வந்தார். சாதாரணமாக வருகிறவர்கள் எடுத்த எடுப்பிலேயே சதுர அடிக்கு எவ்வளவு என்பார்கள். நான் ஒன்று சொல்ல, வேறு ஒருவர் நூறு ரூபாய் குறைத்துச் சொல்ல, ஆள் அங்கே போய்விடுவார். இவர் முதலில் கேட்டது, தண்ணீரை அளந்து ஊற்றுவீர்களா என்று. ரேட்டைப் பற்றிக் கடைசியில்தான் பேசினோம், பேரமே இல்லை. என் வீடியோக்களைப் பார்த்து வருகிற எல்லாரிடமும் இந்த வித்தியாசத்தைப் பார்க்கிறேன். நல்ல வேலைக்கு எங்கெங்கே காசு ஆகிறது என்று அவர்களுக்கு ஏற்கனவே தெரிந்திருக்கிறது.

எதிர்ப்பும் வந்தது. இதே ஊரில் கான்ட்ராக்ட் எடுக்கும் அண்ணன் ஒருவர், "எல்லாரும் உன் வீடியோவைக் காட்டி என்னைக் கேள்வி கேட்கிறாங்கப்பா, பொழைப்பைக் கெடுக்காதே" என்று டீக்கடையில் வைத்தே சொன்னார். அவருக்கு என் பதில் அன்றும் இன்றும் ஒன்றுதான்: சரியாகக் கட்டுகிற யாருக்கும் இதனால் நஷ்டம் இல்லை. எங்கள் மேஸ்திரிக்கும் ஆரம்பத்தில் மனசு இல்லை. பிறகு ஒருநாள் செங்கல்லைத் தொட்டித் தண்ணீரில் போட்டு, குமிழி வருவது நிற்கும்வரை ஊற விட்டு எடுப்பதை அவர் கையாலேயே செய்து காட்டச் சொன்னேன். ஊறாத கல் கலவையில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சிவிடும், அப்புறம் சுவர் பிடிக்காது என்று அவர் பேச்சில் சொன்னது நான் சொல்வதைவிட நன்றாக இருந்தது. இப்போது பஸ்ஸில் அவரை அடையாளம் கண்டு, "நீங்க அந்தச் செங்கல் மேஸ்திரிதானே" என்கிறார்கள். அந்த மரியாதைக்குத் தகுதியான கை அவருடையது.

உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

வரி ஆலோசகர், ஈரோடு:

எங்கள் துறையில் இது இன்னும் பொருந்தும். பட்டயக் கணக்காளர்களும் வழக்கறிஞர்களும் மற்ற தொழில்களைப்போல விளம்பரம் போட்டு வாடிக்கையாளரைக் கூப்பிட முடியாது. அவர்களுடைய தொழில்விதி அனுமதிக்காது. கட்டுரை எழுதலாம், கூட்டத்தில் பேசலாம். நான் பட்டயக் கணக்காளர் இல்லை, ஆனால் அவர்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன்.

ஜவுளிக் கடைக்காரர்கள் கூட்டத்தில் ஜிஎஸ்டி பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். சட்டப் பிரிவு எதையும் எடுக்காமல் மூன்று தேதியை மட்டும் போர்டில் எழுதினேன். மாதாமாதம் தாக்கல் செய்பவருக்கு 11, 14, 20. உங்களுக்குச் சரக்கு விற்றவர் 11 ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனைக் கணக்கைத் தாக்கல் செய்தால்தான், 14 ஆம் தேதி உங்களுக்கு வரும் 2பி என்ற கொள்முதல் வரிப் பட்டியலில் அந்த பில் இருக்கும். அதில் இல்லாவிட்டால் 20 ஆம் தேதி 3பி என்ற மாத வரிக் கணக்கைப் போடும்போது, சரக்கு வாங்கியபோது கொடுத்த அந்த வரியைக் கழிக்க முடியாது, கைக்காசு போகும். அதனால் 14 ஆம் தேதி காலையில் பட்டியலைப் பார்த்து, பில் வராத மில்லுக்குப் போன் போடுங்கள் என்றேன். ஒரு கடையில் கல்லாவுக்கு மேலே காலண்டரில் 14 ஐச் சிவப்பு மையால் சுற்றி வைத்திருந்ததைப் பிற்பாடு பார்த்தபோது அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அந்தக் கடைக்காரர் இன்றுவரை என் வாடிக்கையாளர் இல்லை. அவர் மகனே கணக்குப் பார்க்கிறான். ஆனால் வரித்துறை நோட்டீஸ் வந்த நான்கைந்து பேரை அவர்தான் என்னிடம் அனுப்பியிருக்கிறார்.

ஏசி சர்வீஸ், மதுரை:

நான் எழுதுகிற ஆள் இல்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். ஃபில்டரை மாதம் ஒருமுறை குழாய்த் தண்ணீரில் கழுவி நிழலில் காய வைத்து மாட்டுங்கள் என்று எல்லா வீட்டிலும் செய்து காட்டிவிட்டு வருவேன். இன்னொன்றும் சொல்வேன். ஏசியில் கேஸ் தானாகக் குறையாது. குறைந்திருந்தால் எங்கேயோ லீக் இருக்கிறது. லீக் எங்கே என்று காட்டாமல் வருஷா வருஷம் கேஸ் ஏற்ற வேண்டும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ஒரு அப்பார்ட்மெண்டில் அக்கா ஒருவர் இதைக் கேட்டுக்கொண்டு, அடுத்து வந்த வேறொரு மெக்கானிக்கிடம் "லீக் எங்கே, காட்டுங்க" என்று கேட்டிருக்கிறார். அவர் பதில் சொல்லாமல் கிளம்பிப் போய்விட்டாராம். அன்று சாயங்காலமே எனக்குப் போன் வந்தது. சோப்பு நுரை வைத்துப் பார்த்ததில் அவுட்டோர் யூனிட் பக்கம் குழாயை இணைக்கும் ஃப்ளேர் நட்டில் குமிழி வந்தது. இப்போது அந்தக் கட்டடத்தில் பாதி வீடு என்னிடம்தான்.

இன்டீரியர் வேலை, கோவை:

நல்ல அனுபவங்கள். ஆனால் எனக்கு நடப்பது வேறு. சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தால் அளவு எடுத்து, டிசைனும் போட்டு இலவசமாகவே கொடுங்கள் என்கிறார்கள். அதை ஆசாரியிடம் காட்டிச் செய்துகொள்கிறார்கள். எங்கே நிறுத்துவது?

சிவில் இன்ஜினியர், நாமக்கல்:

நியாயமான கேள்வி. எல்லாருக்கும் பொதுவாகப் பொருந்துவது எதையும் நான் மறைப்பதில்லை. ஒருவருடைய மனைக்கு மட்டும் பொருந்துவதற்குக் கட்டணம் உண்டு. போன வாரம்கூட ஒருவர், முப்பதுக்கு நாற்பது மனை, மாடி வீடு, பில்லர் சைஸ் என்ன போடலாம் என்று கேட்டார். மண்ணைப் பார்க்காமல், எத்தனை மாடி வரப்போகிறது என்று தெரியாமல் நான் ஒரு அளவைச் சொல்லி, அதை நம்பி அவர் கம்பி கட்டிவிட்டால் ஒரு குடும்பம் அதன் கீழே தூங்கப்போகிறது. அதனால் போனில் சொல்ல மாட்டேன், சைட்டுக்கு வர வேண்டும், வரைபடம் போட வேண்டும், அதற்கு இவ்வளவு ஆகும் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அட்வான்ஸ் அனுப்பிவிட்டார். நீங்களும் அளவு எடுக்கப் போவதற்கு முன்பே தொகையைச் சொல்லிப் பாருங்கள். வேலையை எங்களிடமே கொடுத்தால் அந்தப் பணத்தை மொத்தத்தில் கழித்துக்கொள்கிறோம். வேறு ஆளை வைத்துக் கட்டுவதாக இருந்தால், காசு கொடுத்து வாங்கிய வரைபடம் அவருடையது, தாராளமாக எடுத்துப் போகலாம்.