எட்சிடி நோடு மாற்றும் வரிசை சரிதானா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. நானே பராமரிக்கும் குபெர்னெட்டீஸ் கிளஸ்டரில் (கன்டெய்னர்களை ஓட்டும் மெஷின்களின் தொகுப்பு) மூன்று கண்ட்ரோல் பிளேன் நோடுகள், அதாவது கிளஸ்டரை நிர்வகிக்கும் மெஷின்கள். கிளஸ்டரின் நிலையைச் சேமிக்கும் டேட்டாபேஸான எட்சிடியும் அவற்றிலேயே ஓடுகிறது. மூன்றுமே பழைய மெஷின்கள், ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். ஒன்றில் டிஸ்க் தடுமாற ஆரம்பித்துவிட்டது. டிஸ்க்கில் எழுதத் தாமதமாகிறது என்ற எச்சரிக்கை எட்சிடி லாகில் வந்துகொண்டே இருக்கிறது. அதைத்தான் முதலில் எடுக்கப் போகிறேன்.

என் குழப்பம் இதுதான். மூன்று மெம்பருக்கு குவோரம் (எழுத்து நடக்க ஒப்புக்கொள்ள வேண்டிய குறைந்தபட்ச மெம்பர்கள்) 2. புதியதை நேரடியாகச் சேர்த்தால் நான்காகி, குவோரம் 3 ஆகிவிடும். அந்த நேரம் பார்த்து பழுதான நோடு விழுந்து, புதியதும் சேராமல் நின்றால் கிளஸ்டரே எழுத்தை நிறுத்திவிடும். பழையதை முதலில் நீக்கினாலோ மிஞ்சுவது இரண்டு, அதில் ஒன்று போனாலும் அதே கதிதான்.

அதனால் புதியதை முதலில் லேர்னராகச் சேர்க்கலாமா என்று யோசிக்கிறேன். 3.4 பதிப்பிலிருந்து இந்த வசதி இருக்கிறது, லேர்னருக்கு ஓட்டு கிடையாது. டேட்டா முழுக்க வந்ததும் பழையதை நீக்கி, உடனே லேர்னரை ஓட்டுள்ள மெம்பராக புரமோட் செய்வது. இந்த வரிசையில் யாராவது செய்திருக்கிறீர்களா? எங்கே சறுக்கும்?

எட்சிடி டேட்டாவின் நகலாக ஸ்னாப்ஷாட் எடுத்து, தனி மெஷினில் ரீஸ்டோரும் செய்து பார்த்துவிட்டேன்.

இன்னொன்று, ஆப்கள் ஓடும் ஒர்க்கர் நோடை டிரெய்ன் செய்தால், அதாவது அதிலுள்ள பாட்களை (கன்டெய்னர்கள் ஓடும் அலகுகள்) வெளியேற்றினால், ஒரே ரெப்ளிகா (பிரதி) உள்ள டேட்டாபேஸ் பாட் நகர மறுக்கிறது. டிஸ்ரப்ஷன் பட்ஜெட்டில் (இத்தனை பாட் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்ற வரம்பு) குறைந்தபட்சம் 1 என்று இருக்கிறது, ஐந்து விநாடிக்கு ஒருமுறை அதே பிழைச் செய்தி. பட்ஜெட்டைத் தற்காலிகமாக எடுத்துவிடுவீர்களா, இல்லை ரெப்ளிகாவைக் கூட்டுவீர்களா? இதில் மக்களின் டேட்டா இருக்கிறது, அவசரப்பட்டு எதையும் இழக்க விரும்பவில்லை.