நாள்வாடகை வீட்டில் உண்மையில் மிஞ்சியது எவ்வளவு? (வீட்டு உரிமையாளர்கள் மூவர், புனைபெயர்களில்)

திண்ணை

விருந்தினர் புறப்பட்ட மறுநாள் கதவைத் திறந்தபோது, படுக்கையறைத் தரையின் மரப்பலகைகள் ஓரங்களில் உப்பி மேலெழுந்திருந்தன. காலை வைத்ததும் இடுக்குகளிலிருந்து நீர் கசிந்தது. குளியலறைக் குழாய் இரவு முழுவதும் திறந்து கிடந்திருக்கிறது. நான் எடுத்திருந்தது சொந்தக் குடியிருப்புக்கான காப்பீடு என்றும், நாள்வாடகைக்கு விடுவதைத் தெரிவிக்காததால் இழப்பீடு கிடையாது என்றும் காப்பீட்டு நிறுவனத்தார் சொல்லிவிட்டார்கள். 22 இரவுகள் நிரம்பிய நல்ல மாதம் என்று நான் குறித்துவைத்திருந்த அந்த ஒரு மாதமே ஆண்டு முழுவதன் லாபத்தையும் விழுங்கியது.

சாவிக்கொத்து

திண்ணை அவர்களின் இழப்பு வருத்தம் தருகிறது. ஆனால், நிரம்பிய இரவுகளை எண்ணி ஒரு மாதத்தை நல்லது என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. துப்புரவுச் செலவு இரவுக் கணக்கில் வருவதில்லை. ஆள் மாறும்போதெல்லாம் வருகிறது. 18 இரவுகள் இரண்டிரண்டாக வந்தால் 9 முறை வீட்டைத் துடைத்து விரிப்புகளை வெளுக்க வேண்டும், ஆறாறாக வந்தால் 3 முறை போதும். வாங்கி ஓராண்டுகூட ஆகாத தலையணை உறை, மடிக்கும்போது என் கையிலேயே நூல் நூலாகப் பிரிந்த அன்றுதான் இது எனக்கு உறைத்தது.

புதிதாக இறங்குவோர், வந்த தொகையிலிருந்து முதலில் முன்பதிவு இணையதளம் பிடிக்கும் கட்டணத்தைக் கழியுங்கள்; அத்தகைய தளமான ஏர்பிஎன்பியில் கட்டணத்தை விருந்தினரோடு பகிரும் முறையில் உரிமையாளரிடம் 3 விழுக்காடும், முழுவதையும் உரிமையாளரே ஏற்கும் முறையில் 15 விழுக்காட்டை ஒட்டியும் பிடித்துவந்திருக்கிறார்கள். அடுத்து துப்புரவு, மின்சாரம், தண்ணீர், இணையம், வரி, காப்பீடு, கடன் வட்டி ஆகியவற்றையும், மெத்தைக்கும் குளிர்சாதனத்துக்கும் மாதாமாதம் ஒதுக்க வேண்டிய தேய்மானத்தையும் கழியுங்கள். கடன் தவணையில் அசல் பகுதி செலவாகாது, எனினும் அது கையிருப்பைக் கரைக்கும் என்பதால் தனியே எழுதிவையுங்கள். எஞ்சியதை, அதே வீட்டை ஒரே குடும்பத்துக்கு மாதவாடகைக்கு விட்டால் கிடைக்கும் நிகரத் தொகையோடு ஒப்பிடுங்கள். அதைவிடக் கூடுதலாக நிற்பது மட்டுமே நாள்வாடகை ஈட்டித் தந்த பணம்.

முன்றில்

சாவிக்கொத்து அவர்களின் கணக்கில் உரிமையாளரின் உழைப்புக்குக் கூலியே இல்லை. மேலாண்மைக்கு வெளியாளை வைத்தால் வருவாயில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ கேட்பார்கள். நாமே பார்ப்பதால் அந்தச் செலவு இல்லாமல் போய்விடாது. எண்பூட்டின் பேட்டரி தீர்ந்து கதவு திறக்கவில்லை என்று நள்ளிரவு 1 மணிக்கு அழைப்பு வந்தது. மாற்றுச் சாவியோடு ஓடியபோது, தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு தாய் படியில் உட்கார்ந்திருந்தார். அந்த இரவின் வாடகையை நான் வாங்கவில்லை.