வைரச் சோதனைக் கருவிக்குப் பெயர்: வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

வடசேரியிலிருந்து

எல்லாருக்கும் வணக்கம். இங்கே கோயில் நகைப் பட்டறைகளுக்கு நடுவே ஒரு சின்ன கல் பரிசோதனைக்கூடம் இருக்கிறது. ஆய்வகத்தில் வளர்த்த வைரத்தைப் பிடிக்க ஒரு கருவி வாங்கப் போகிறார்கள், வேலை பார்க்கும் பையன்களுக்குத் தமிழில் கையேடு வேண்டுமாம். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'செயற்கை வைரம் காட்டி' என்று எழுதியிருக்கிறேன், போதுமா?

தக்கலையிலிருந்து

தம்பி, 'காட்டி'யில் குறையில்லை, திசைகாட்டி, நாள்காட்டி எல்லாம் ஓடுகின்றனவே. என் வழக்கு 'வைரம்' மேல்தான். வஜ்ரம் வைரமாயிற்று என்று எல்லாரும் சொல்லிவிட்டுப் போகிறார்கள், ஆனால் மரத்தின் இறுகிய உள்பகுதியையும் வயிரம் என்கிறோமே, வயிரம் பாய்ந்த கட்டை என்கிறோமே, அது எங்கிருந்து வந்ததாம்? தொல்காப்பிய மரபியல் அதைக் காழ் என்கிறது. காழ் உள்ளே இருந்தால் மரம், வெளியே இருந்தால் புல், அந்தக் கணக்கில் நம் பனையும் தென்னையும் புல். ஆகவே 'காழ்மணி காட்டி'. அப்புறம், சிலப்பதிகாரம் ஊர்காண் காதையில் காகபாதம் (காக்கைக்கால் போன்ற கீற்று), களங்கம் (கறை), விந்து (புள்ளி), ஏகை (கோடு) என்று வைரத்தின் நான்கு குற்றங்கள் வருகின்றன, அவற்றையும் கையேட்டில் சேர்க்கவும்.

நாகர்கோவிலிலிருந்து

சார், கடையில் போய்க் காழ்மணி கேட்டால் பாசிமணியை எடுத்துப் போடுவார்கள். நான் கல் பார்க்கிற தொழிலில் இருக்கிறவள், அதனால் நேரே சொல்கிறேன். குற்றம் பார்த்து மட்டும் வளர்த்த கல்லைப் பிடிக்க முடியாது, வெப்பம் கடத்துவதை அளக்கும் பேனாவும் உதவாது, ஏனென்றால் இதுவும் அசல் கரிமம்தான். வைரம்போல் மின்னும் போலிக் கற்களில் பேனா சிர்கோனியாவைக் காட்டிக்கொடுக்கும், மொய்சனைட்டில் ஏமாறும், வளர்த்த கல்லை வைரம் என்றே சொல்லும்.

தம்பி வாங்கப்போகும் வகைக் கருவி குறுகிய அலை புற ஊதாக் கதிரைக் கல்லுக்குள் விட்டுப் பார்க்கிறது. பூமியில் கிடைக்கும் வைரங்களில் 95 சதவீதத்துக்கும் மேலானவற்றில் நைட்ரஜன் கூட்டுக்கூட்டாக இருப்பதால் கதிர் உள்ளேயே நின்றுவிடும். சிவிடி முறையில், அதாவது வாயுவிலிருந்து படியவைத்து, வளர்த்த கல்லிலும், உயர் அழுத்தம், உயர் வெப்பம் கொடுத்து வளர்த்த நிறமற்ற எச்பிஎச்டி கல்லிலும் பெரும்பாலும் அது ஊடுருவிப் போய்விடும். ஆனால் இயற்கையிலும் நூற்றுக்கு ஒன்றிரண்டு கல் அப்படித்தான், 1905இல் கிடைத்த மாபெரும் குல்லினன் வைரமே அந்த வகை. அதனால் கருவி ஒருநாளும் 'செயற்கை' என்று சொல்லாது. 'இயற்கை' என்று சொல்லும், இல்லையென்றால் 'மேலும் சோதி' என்று சொல்லும். பெரிய கூடத்தில் கல்லைத் திரவ நைட்ரஜனில் குளிரவைத்து, 737 நானோமீட்டரில் சிவிடி கல்லில் வரும் சிலிக்கான் கோடு தெரிகிறதா என்றெல்லாம் பார்த்த பிறகுதான் முடிவு. 'காட்டி' என்று போட்டால் பையன்கள் விளக்கைப் பார்த்ததுமே கல்லைப் போலி என்று சொல்லி அடி வாங்குவார்கள்.

இன்னொன்று: பின்புறம் மூடிப் பதித்த கல்லில் கதிர் ஊடுருவி வர வழியில்லை. வடசேரி வேலைக்கு, நகையிலிருந்து கழற்றாமலே ஒளிர்வைப் பார்க்கும் வகைதான் சரிப்படும். பெயர் அப்புறம், முதலில் அதைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

மார்த்தாண்டத்திலிருந்து

அக்கா சொல்வதைப் பார்த்தால் இது சல்லடை வேலை. 'சலிப்பி'?

தக்கலையிலிருந்து

சலிப்பி என்றால் என்னைச் சொல்வதாக வீட்டில் நினைப்பார்கள். முறத்தில் கொழிக்கிறோமே, 'கொழிப்பி' என்று வையுங்கள். கொழித்தல் பழைய சொல், இன்றும் வாழ்கிறது.

நாகர்கோவிலிலிருந்து

கொழித்தால் ஒதுங்குவது பதர். இங்கே ஒதுங்குவது குல்லினனாகவும் இருக்கலாமே சார்.

மார்த்தாண்டத்திலிருந்து

மணவாளக்குறிச்சி மணலில் சிர்கான், இல்மனைட் தாதுக்களை எல்லாம் தனித்தனியாக எடுக்கிறார்களே, அதுபோல 'பிரிப்பி'? அங்கே எடுக்கும் சிர்கான் வேறு, நகைக்கடைச் சிர்கோனியா வேறு என்பதையும் கையேட்டில் ஒரு வரி போடுங்கள், இங்கே பாதிப் பேர் இரண்டையும் ஒன்றாக நினைக்கிறார்கள்.

வடசேரியிலிருந்து

நாளைக்கு வெள்ளி. 'முதற்சோதனைக் கருவி' என்று போடுகிறேன், அது ஒதுக்கும் கல் 'மறுசோதனைக் கல்'. 'ஐயக்கல்' என்றும் நினைத்தேன், அழகுதான், ஆனால் வாடிக்கையாளர் காதில் விழுந்தால் சண்டை. வளர்த்த கல்லுக்கு 'ஆய்வக வைரம்'. அக்காவும் மார்த்தாண்டத்து அண்ணனும் சரி என்று தனியாக எழுதிவிட்டார்கள்.

தக்கலையிலிருந்து

'முதற்சோதனைக் கருவி' விளக்கம் தம்பி, சொல் அல்ல. இரத்தம் பார்க்கிற இடத்திலும் அதையே எழுதி வைக்கலாம். உங்கள் அவசரம் புரிகிறது, போடுங்கள். அடுத்த பதிப்பில் கொழிப்பி வர வேண்டும். பதர் என்ற ஆட்சேபத்துக்குப் பதில் இருக்கிறது, கொழிப்பது அரிசியை மட்டுமல்ல, அலை மணலையும் கொழிக்கும். நாளை விரிவாக எழுதுகிறேன்.